டார்வின் வீட்டுப் புறாக்கள்

உங்கள் தெருவில் மொட்டைமாடியில் மரப்பெட்டிகளை அடுக்கிப் புறா வளர்க்கும் வீடு ஒன்று இருக்கக்கூடும். முதலில் ஒரு சோடிதான் வரும். அது குஞ்சு பொரிக்கும். அடுத்த முறை சந்தைக்குப் போகிறவர், வானில் கரணம் போடும் கர்ணப்புறா ஒரு சோடியும், வாலை விசிறிபோல் விரிக்கும் லக்கா ஒரு சோடியும் வாங்கி வருவார். ஓராண்டில் அந்த வீட்டு அம்மாள், துணி காயப்போட இடமில்லை என்று முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். ஏறக்குறைய இதே கதை 1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் நடந்தது. அந்த வீட்டுக்காரரின் பெயர் சார்லஸ் டார்வின்.

அந்நாளில் இலண்டனுக்கு அருகே கென்ட் மாவட்டத்தில் டவுன் என்னும் சிற்றூர் இருந்தது. டார்வின் தம் மனைவி எம்மாவுடன் 1842-இல் அங்கே குடியேறினார். அவர்களுக்குப் பத்துக் குழந்தைகள் பிறந்தனர். எழுவர் வளர்ந்து பெரியவர்களாயினர். வீட்டில் நாய்கள் எப்போதும் உண்டு. அத்துடன் 1846 முதல் எட்டாண்டுகள், பாறைகளிலும் கப்பல்களின் அடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்ற சிற்றுயிரை அவர் ஆராய்ந்து வந்தார். அப்பா என்றால் கொட்டலசு ஆராய்கிறவர் என்றே குழந்தைகள் நினைத்துக்கொண்டார்களாம். அவர்களில் ஒருவர் அடுத்த வீட்டுப் பெரியவரைப் பற்றி, "அவர் எங்கே உட்கார்ந்து கொட்டலசு வேலை செய்கிறார்?" என்று கேட்டதாக ஒரு செய்தி உண்டு.

இப்படிப்பட்ட வீட்டில் புறாக்களும் வந்து சேர்ந்தது ஏன்? உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற கருத்து டார்வினிடம் 1830-களிலேயே உருவாகிவிட்டது. ஆனால் அதை அச்சேற்ற அவர் தயங்கினார். இயற்கையில் மாற்றம் மிக மெதுவாக நிகழ்வது. யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கண்ணெதிரே மாற்றம் நிகழும் இடம் ஒன்று வேண்டும். அந்த இடம் வளர்ப்புப் பிராணிகள்தாம் என்று அவர் கண்டார். யாரெல் என்ற இயற்கை ஆய்வாளர் புறா வளர்க்கச் சொல்லித் தூண்டினார். தோட்டத்தில் புறாக்கூடு எழுந்தது.

முதலில் விசிறிவால் புறாவும், தொண்டைப்பையைக் காற்றால் பந்துபோல் ஊதிக்கொள்ளும் பௌட்டர் என்ற இனமும் வந்தன. பிறகு விலைக்குக் கிடைத்த இனத்தையெல்லாம் வாங்கினார். அலகைச் சுற்றிச் சதை புடைத்த காரியர், உருவத்தில் பெருத்த ரண்ட், குறுகிய அலகுடைய பார்ப், கழுத்தைச் சுற்றி இறகுகள் முக்காடுபோல் கவிந்த ஜாகோபின் என்று கூடு நிரம்பியது. சாதாரணப் புறாவுக்கு வாலில் 12 அல்லது 14 இறகுகள். விசிறிவால் புறாவுக்கு 30, சிலவற்றுக்கு 40 கூட உண்டு. குறுமுகக் கர்ணப்புறாவின் அலகோ மிகச் சிறியது. பல குஞ்சுகளால் முட்டை ஓட்டைத் தாமே உடைத்து வெளியே வர முடியாது. வளர்ப்பவரே உடைத்துவிட வேண்டும். மனிதன் தன் ஆசைக்காக ஒரு பறவையை எவ்வளவு தூரம் வளைத்துவிட்டான், பாருங்கள்!

பன்னிரண்டு வயது மகள் ஹென்றியெட்டாவுக்குப் புறாக்கள் பெருமகிழ்ச்சி தந்தன. டார்வினுக்கும் அப்படித்தான். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில், தம் புறாக்களைக் காட்டுவதைவிடப் பெரிய விருந்து வேறில்லை என்ற பொருளில் வேடிக்கையாக எழுதினார். அவற்றைக் கொல்ல மனம் வரவில்லை என்றும் எழுதினார்.

ஆம், கொல்ல வேண்டியிருந்தது. இனங்களுக்கிடையே எலும்பில் எவ்வளவு வேறுபாடு உண்டு, அது குஞ்சுப் பருவத்திலேயே தோன்றுகிறதா, வளர்ந்த பின் தோன்றுகிறதா என்று அறியக் குஞ்சுகளை அளந்தாக வேண்டும். எலும்புக்கூடுகளை எடுத்தாக வேண்டும். இளமையில் மருத்துவம் படிக்கச் சென்று, மயக்கமருந்து இல்லாத அந்நாளில் ஒரு குழந்தைக்கு நடந்த அறுவைச் சிகிச்சையைக் காணப் பொறாமல் வெளியே ஓடி வந்தவர் அவர். பத்து நாள் வயதான விசிறிவால் குஞ்சு ஒன்றையும் பௌட்டர் குஞ்சு ஒன்றையும் கொன்றதைக் கொலைக்குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல் ஒரு கடிதத்தில் தெரிவித்தார். முதல் குஞ்சுக்குக் குளோரோபாமும் ஈதரும் கொடுத்தார். அது நோகாமல் இறந்தாலும் நேரம் பிடித்தது. அடுத்ததற்குப் பொட்டாசியம் சயனைடிலிருந்து எழும் வாயு நிறைந்த பெரிய கண்ணாடிக் குடுவையைப் பயன்படுத்தினார். அது விரைவில் முடிந்தது. அதன்பின், எலும்பைப் பிரிக்க உடல்களை அழுகவிடும் வேலை. நாற்றம் தாளாமல் அவரும் பணியாளும் குமட்டிக் கைவிட நேர்ந்தது. பின்னாளில் அவ்வேலையை அதில் பழகிய வெளியாட்களிடம் கொடுத்துவிட்டார். அறிவியலின் இந்தப் பக்கத்தைப் பாடநூல்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை.

டார்வின் வீட்டோடு நிற்கவில்லை. செல்வரும் கல்விமானுமான அவர், இலண்டன் புறா வளர்ப்போர் சங்கங்கள் இரண்டில் உறுப்பினரானார். மதுக்கடை ஒன்றில் கூடிய தொழிலாளர்களோடு ஒரு மாலை உட்கார்ந்திருந்தபோது, ஒருவர் தம் பௌட்டர் புறாக்களைப் பெருக்கவைக்க ரண்ட் இனத்தோடு கலந்துவிட்டார் என்ற பேச்சு எழுந்தது. சுற்றியிருந்த அத்தனை பேரும் ஏதோ பெரும் பாதகம் நடந்ததுபோல் தலையை ஆட்டினார்களாம்! இனங்கள் கலப்பால் மேம்படவில்லை, தலைமுறைதோறும் நுண்ணிய வேறுபாடுகளைப் பொறுக்கி எடுத்தே மேம்படுத்தப்பட்டன என்பதை அந்தத் தலையாட்டலே அவருக்குச் சொல்லிற்று.

வெளிநாடுகளுக்கும் கடிதங்கள் பறந்தன. சென்னை மாகாணத்தில் உயர் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், இந்தியப் புறாக்களின் தோல்களைப் பதப்படுத்தி அனுப்பினார். தம் நூலில் டார்வின் அவருக்கு நன்றி கூறியுள்ளார். அக்பரின் புறாக்களைப் பற்றி அபுல் பசல் எழுதியதையும் அவர் விடவில்லை. அரசவையோடு 20,000 புறாக்களுக்குக் குறையாமல் பயணம் செய்தன என்கிறது அக்குறிப்பு. நம் மொட்டைமாடிக்காரர் இதைக் கேட்டால் ஆறுதல் அடைவார்.

இத்தனை இனங்களும் எங்கிருந்து வந்தன? ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிக் காட்டுமூதாதை உண்டு என்றே வளர்ப்பவர்கள் சாதித்தார்கள். டார்வின் நினைத்தது வேறு. கோயில் கோபுரப் பொந்துகளில் நீங்கள் காணும் மாடப்புறாவை நினைத்துப் பாருங்கள். நீலச்சாம்பல் உடல், இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டைகள். ஐரோப்பியப் புறாவுக்கு முதுகின் பின்பகுதி வெள்ளையாக இருக்கும். நம் நாட்டுப் புறாவுக்குப் பெரும்பாலும் சாம்பல் நிறம். இந்த ஒரே மூதாதையிலிருந்துதான் அத்தனையும் வந்தன என்றால், அதற்கு என்ன சான்று?

முழு வெள்ளையான விசிறிவால் புறாக்களையும், முழுக் கறுப்பான பார்ப் புறாக்களையும் அவர் இணைத்தார். பழுப்பும் கறுப்பும் கலந்த புள்ளிக் குஞ்சுகள் பிறந்தன. அவற்றைத் தமக்குள் இணைத்தார். பிறந்த பேரக்குஞ்சுகளில் ஒன்று அழகிய நீலநிறம்! இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், வெண்ணிறப் பின்முதுகு, வாலில் பட்டை. பாட்டன் பாட்டிகளிடம் நீலத்தின் சாயலே இல்லை. பேரனோ காட்டு மாடப்புறாவின் உடையில் வந்து நின்றது.

இது ஏன் என்று டார்வினால் விளக்க முடியவில்லை. மெண்டலின் கட்டுரை 1866-இல்தான் அச்சாயிற்று. அதன் பெருமை 1900 வரை உணரப்படவில்லை. இன்று நாம் இப்படிச் சொல்லலாம்: பழைய நிறத்துக்கான காரணிகள் அழியவில்லை. ஒரு பக்கம் கறுப்பைப் பரப்பும் காரணியும், மறுபக்கம் வெள்ளையாக்கும் காரணியும் அவற்றை மூடியிருந்தன. அந்த இரு போர்வையும் கிடைக்காத பேரக்குஞ்சில் அடியில் இருந்த நீலம் வெளிப்பட்டது. 2013-இல் மாடப்புறாவின் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டது. வளர்ப்புப் புறாக்களின் மூலம் மாடப்புறாவே என்ற டார்வினின் முடிவை அது உறுதி செய்தது. பல இனங்களில் காணும் தலைக்கொண்டையும் ஒரே மரபணுவில் என்றோ ஒருமுறை நேர்ந்த மாற்றத்தின் விளைவே என்பதும் தெரியவந்தது.

1856 ஏப்ரலில் புவியியல் அறிஞர் லயல், டார்வின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். டார்வின் தம் கொள்கையை அவரிடம் விளக்கினார். லயலுக்கு அது முழுவதும் உடன்பாடில்லை. ஆயினும் வேறு யாராவது முந்திக்கொள்வதற்குள் வெளியிடுங்கள் என்று வற்புறுத்தினார். அந்த அச்சம் வீணாகவில்லை. 1858 ஜூனில் வாலஸின் கடிதம் அதே கருத்தைச் சுமந்து வந்தது.

"உயிரினங்களின் தோற்றம்" 1859 நவம்பர் 24 அன்று வெளியாயிற்று. அதன் முதல் இயல் வளர்ப்புப் பிராணிகளைப் பற்றியது. அதில் புறாக்களுக்கே பெரிய இடம். கையெழுத்துப் படியைப் படித்துக் கருத்துச் சொன்ன எல்வின் என்ற பாதிரியார், மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் புறாக்களைப் பற்றி மட்டும் ஒரு நூல் எழுதச் சொன்னார். புறா எல்லாருக்கும் பிடிக்கும், வீட்டுக்கு வீடு வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. டார்வின் கேட்கவில்லை. ஆனால் 1868-இல் வளர்ப்பு உயிரினங்களைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதியபோது, புறாக்களுக்கு இரண்டு முழு இயல்களை ஒதுக்கினார்.

அந்த வீட்டில் உயிரினங்கள் குறையவே இல்லை. முதுமையில் மண்புழுக்கள் மண்சட்டிகளில் வந்து சேர்ந்தன. அவற்றுக்குக் காது கேட்குமா என்று அறிய மகன் பிரான்சிஸ் ஊதுகுழல் வாசித்தார், புழுக்கள் அசையவில்லை. சட்டிகளைப் பியானோவின் மீதே வைத்து ஒரு கட்டையை அழுத்தியபோது, அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின. ஓசை கேட்கவில்லை, நடுக்கம் தெரிகிறது என்று 1881-இல் வெளியான மண்புழு நூலில் எழுதினார்.

புறாக்களின் எலும்புக்கூடுகளையும் தோல்களையும் அவர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். இங்கிலாந்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவை இன்றும் பெட்டிகளில் இருக்கின்றன.