பட்டியல் யார் கையில்? கோமா முகாம்கள், 1994



நிவாரண அமைப்பு ஒன்றில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டிருந்தாள்: "சார், எங்க ஆபீஸ்ல எதை எடுத்தாலும் 'பயனாளிகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு'ன்னு ஒரு பாரம் நிரப்பச் சொல்றாங்க. இது எங்கிருந்து வந்தது?" வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை இது. ருவாண்டாவிலிருந்து தொடங்க வேண்டும். நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1994 ஏப்ரல் 6 இரவு ருவாண்டா அதிபர் ஹபியாரிமானா வந்த விமானம் தலைநகர் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நூறு நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலோர் டுட்சிகள், கொலைக்கு உடன்படாத ஹூட்டுகளும் உண்டு. ஏதோ திடீர் வெறி என்று இதை நினைத்துவிடக் கூடாது. அன்றைய ருவாண்டாவில் அடையாள அட்டையிலேயே இனம் அச்சிடப்பட்டிருந்தது. மாகாணம், அதன் கீழே கம்யூன், அதன் கீழே செக்டர், அதற்கும் கீழே பத்துப் பதினைந்து தெருக்காரர்களை அறிந்த சின்னத் தலைவர் என்று அன்று நிர்வாகம் வீட்டு வாசல் வரை இறங்கியது. யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது அந்த ஏணியின் ஒவ்வொரு படிக்கும் தெரிந்திருந்தது. கொலைக்கு உத்தரவும் பெயர்ப் பட்டியலும் அந்த ஏணி வழியாகத்தான் இறங்கின. இந்த ஏணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் டுட்சி கிளர்ச்சிப் படை வென்றது. தோற்ற அரசு தன் ராணுவத்தையும் இன்டர்ஹாம்வே என்ற கொலைப்படையையும் கூட்டிக்கொண்டு ஓடியது. மக்களையும் பயமுறுத்தித் தன்னோடு இழுத்துச் சென்றது. ஐந்தாறு நாட்களில் 5 லட்சத்துக்கும் 8 லட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் எல்லை தாண்டி, அன்றைய ஜயர், இன்றைய காங்கோவின் கோமா நகருக்கு வந்து சேர்ந்தார்கள். (மயக்க நிலையைச் சொல்லும் கோமா இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்.) கிவு ஏரிக்கரை, எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறைத் தரை. கக்கூஸ் குழி வெட்ட முடியாது, பிணக்குழியும் வெட்ட முடியாது. காலரா வந்தது. முதல் மாதத்தில் மட்டும் கிட்டத்தட்ட 50,000 பேர் இறந்தார்கள்.

நூறு நாள் கொலையின்போது கையைக் கட்டிக்கொண்டிருந்த உலகம் இந்தக் காட்சியை டிவியில் பார்த்ததும் பணத்தைக் கொட்டியது. அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து டிசம்பருக்குள் ருவாண்டா நெருக்கடிக்காக ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 140 கோடி டாலர். தொண்டு அமைப்புகள் கொடியும் பேனருமாக வந்து குவிந்தன.

லட்சக்கணக்கானவர்களுக்கு நாளைக்கே சோறு போட வேண்டும். யார் யார், எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? "எங்களுக்குத் தெரியும்" என்று முன்னால் வந்து நின்றவர்கள் அதே கம்யூன் தலைவர்கள். ஆம், அதே ஏணி. லாரியில் வந்த மூட்டைகள் மொத்தமாக அவர்களிடம் இறங்கின. அவர்கள் கீழே கொடுக்க, அவர்கள் இன்னும் கீழே கொடுக்க, படிக்குப் படி குறைந்துகொண்டே வந்தது. ஆள்கணக்கைக் கூட்டிச் சொல்லி மிச்சம் பிடித்ததைச் சந்தையில் விற்றார்கள். அந்தக் காசில் கொலைப்படை பிழைத்தது. ஊர் திரும்ப நினைத்தவர்கள் மிரட்டப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். ஆண் துணையில்லாத பெண்கள், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் கடைசிப் படியில் நின்றார்கள். பெண்கள் தலைமையில் இருந்த குடும்பங்களில்தான் சத்துக்குறைவு அதிகம் என்று அங்கே ஆய்வு செய்த மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் ஊர் ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். தெருவிலுள்ள எல்லாக் கார்டும் ஒரே ஆள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், அந்த ஆள் உங்கள் அண்ணனைக் கொன்றவனாகவும் இருந்தால், அளவு குறைகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

இத்தனைக்கும் காகிதத்தில் குறை இல்லை. எத்தனை டன் வந்தது, எத்தனை டன் இறங்கியது, யார் கையெழுத்துப் போட்டார் என்று பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குப் போனது. வரிசையில் நின்ற பெண்ணுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உதவி பெறுவோருக்கும் பணம் தருவோருக்கும் நாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்ற வாக்கியம் அடங்கிய நடத்தை விதிகளைச் செஞ்சிலுவைச் சங்கமும் பெரிய தொண்டு அமைப்புகளும் ஒப்புக்கொண்டது அதே 1994 கோடையில்தான்!

நவம்பரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு, கொலைகாரர்களுக்குத் தீனி போட மாட்டோம் என்று முகாம்களை விட்டு வெளியேறியது. மற்றவர்கள், பசித்த பிள்ளையை எப்படி விட்டுப் போவது என்று இருந்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததாகவே நினைக்கிறேன். ஆனால் இரண்டு முடிவும் அகதிகளைக் கேட்டு எடுத்தவை அல்ல. பிற்பாடு ஆட்களை எண்ணிப் பதிவு செய்து, விநியோகத்தைக் குடும்பங்களுக்கு நெருக்கமாகக் கொண்டுபோக முயன்றார்கள். அதற்குள் ஏணிக்காரர்கள் வேரூன்றிவிட்டார்கள்.

டென்மார்க் அரசு முன்னெடுக்க, பல நாடுகளும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து நடத்திய பெரிய மதிப்பீடு 1996 மார்ச்சில் வெளிவந்தது. அரசியல் ரீதியாகச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் உலகம் அந்த இடத்தில் நிவாரணத்தை வைத்தது என்பது அதன் முக்கியக் குற்றச்சாட்டு. உதவி பெற்றவர்களின் கருத்தைக் கேட்க அமைப்புகள் அக்கறை காட்டவில்லை என்பதும் அதில் உண்டு.

இதிலிருந்து இரண்டு கிளைகள். ஒன்று 1997-இல் தொடங்கிய ஸ்பியர் திட்டம்: ஒருவருக்கு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 2,100 கலோரி உணவு, 20 பேருக்கு ஒரு கக்கூஸ் என்று அளவு வகுத்தது. அளவு இருந்தால்தானே குறை என்று சொல்ல முடியும்? இன்னொன்று எனக்குப் பிடித்த யோசனை. பிரிட்டனில் சிலர், உதவி பெறுவோரின் முறையீட்டைக் கேட்க அமைப்புகளுக்கு வெளியே ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும் என்றார்கள். அமைப்புகள் தயங்கின. கடைசியில் அது வெளியார் தீர்ப்பு என்பதை விட்டு, உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொள்ளும் சங்கமாக 2003-இல் ஜெனீவாவில் உருவெடுத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2002-இல், மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் அகதி முகாம்களில் நிவாரண ஊழியர்களே உணவுக்கும் பொருளுக்கும் ஈடாகச் சிறுமிகளிடம் பாலியல் சுரண்டல் நடத்தியது அம்பலமானது. பொருள் நின்றுவிடுமோ என்ற பயத்தில் வாய் திறக்காமல் இருந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். 2003-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் இதைத் தடை செய்து தனி ஆணையே போட வேண்டி வந்தது.

2014 டிசம்பர் 12 அன்று கோபன்ஹேகனில் மனிதநேயப் பணிக்கான பொதுத் தரநிலை வெளியானது. அதிலுள்ள 9 உறுதிமொழிகளில் ஐந்தாவது, புகார்களை வரவேற்றுத் தீர்க்க வேண்டும் என்பது. அந்தப் பாரத்தின் பூர்வீகம் இதுதான். தரநிலையில் சேர்வது அமைப்புகளின் விருப்பம். எல்லா அமைப்புகளையும் தட்டிக் கேட்கும் அந்த வெளியார் குறைதீர்ப்பாளர் மட்டும் இன்றுவரை வரவில்லை.