சிறிய காரின் வேகமும் குடும்பத்தின் முதலும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை ஆகிய ஊர்களைக் கடந்து சித்தாண்டியூடாக வாழைச்சேனை நோக்கிச் செல்லும் ஏ-15 வீதி, யுத்தம் முடிவடைந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் சீராகப் புனரமைக்கப்பட்டது. இவ்வீதியில் இன்று கணிசமாகக் காணப்படுபவை 660 சி.சி. முதல் 1000 சி.சி. வரையிலான சிறிய கார்களாகும். சுசுகி வகன் ஆர், டொயோட்டா விட்ஸ், ஒட்டோமெற்றிக் கியருடன் வரும் அல்டோ கே10 போன்றவை இவற்றுட் சில. இவற்றை வாங்கிய இளைஞர்கள் அடுத்ததாக எழுப்பும் வினா, இக்காரின் இழுவையை இன்னும் சற்றுக் கூட்ட முடியுமா என்பதேயாகும். இவ்வினாவுக்கு விளையாட்டாகவன்றி விளக்கமாகவே விடை கூற வேண்டியுள்ளது. ஏனெனில், இந்தக் கார்களிற் பல லீசிங் கடனில் வாங்கப்பட்டவை. இரவு வேளையில் நோயாளியை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வாகனமும் பல வீடுகளில் அதுவேயாகும்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இந்த ஐந்தாண்டு இடைவெளியில் பழைய கார்களின் விலை பன்மடங்கு ஏறியது. ஆகவே, பழுதானால் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலையில் இங்கு எவரும் இல்லை.

முதலில், 'ஒட்டோ கியர்' என்று பொதுவாகக் கூறப்படுவது ஒரே பொருளன்று என்பதை அறிதல் வேண்டும். அல்டோ கே10 காரில் 2014 ஆம் ஆண்டு அறிமுகமான ஏ.ஜி.எஸ். என்பது சாதாரண ஐந்து கியர்ப் பெட்டியே. கிளச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் இயந்திரக் கரம் ஒன்று செய்கிறது. வகன் ஆர், விட்ஸ் போன்ற ஜப்பானியக் கார்களில் உள்ள சி.வி.ரி. முறையோ முற்றிலும் வேறானது. இரு கப்பிகளுக்கிடையே, நூற்றுக்கணக்கான சிறு உருக்குத் துண்டுகளாலான பட்டி ஒன்று ஓடுகிறது. கப்பிகள் அகன்றும் நெருங்கியும் வேக விகிதத்தை மாற்றுகின்றன. எண்ணெயின் அழுத்தமே பட்டியை வழுக்காமல் பற்றிப் பிடிக்கின்றது. வேகமிதியை அழுத்தியதும் இரைச்சல் முதலிலும் வேகம் பின்னரும் வருவது இதன் இயல்பேயன்றிக் கோளாறு அன்று.

இவ்வமைப்பு விளங்கினால், எந்த மாற்றம் பலன் தரும், எது கேடு தரும் என்பதும் விளங்கும். இயந்திரத்தின் கணினியை மீள எழுதுவித்தல் இன்று பிரபலமாகப் பேசப்படுகின்றது. ரேர்போ பொருத்தப்படாத சிறு இயந்திரத்தில் இதனால் கிடைக்கும் மேலதிக வலு மிகச் சொற்பம். ரேர்போ உள்ள காரில் வலு கூடும் என்பது உண்மையே. ஆனால் கியர்ப் பெட்டியின் கணினி, இயந்திரம் கூறும் முறுக்கு விசைக்கு ஏற்பவே எண்ணெய் அழுத்தத்தை நிர்ணயிக்கின்றது. கணக்கில் வராத விசை வந்து சேரும்போது பட்டி வழுக்கிக் கப்பியின் முகத்தைக் கீறிவிடும். ஒரு முறை கீறப்பட்ட கப்பி மீண்டும் பழைய நிலைக்கு வராது. பெட்டியையே மாற்ற வேண்டிய செலவு, கூடிய வலுவின் மகிழ்ச்சியை விழுங்கிவிடும்.

வேகமிதிக்கு இணைக்கும் சிறு மின்கருவிகள் வலுவை ஒரு துளியேனும் கூட்டுவதில்லை. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகக் கணினிக்குச் சொல்கின்றன, அவ்வளவே. 92 ஒக்டேன் பெற்றோலுக்கென அமைந்த இயந்திரத்தில் 95 ஒக்டேன் ஊற்றுவதும் பணத்தைக் கரைப்பதன்றி வேறில்லை. சைலென்சரை மாற்றினால் மிகுவது பெரும்பாலும் சத்தமே. அதனோடு புகை சுத்திகரிப்பானையும் கழற்றிவிட்டால், வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குத் தேவையான புகைப் பரிசோதனையில் வாகனம் தேறாது போகலாம்.

சக்கரங்களைப் பெரிதாக்கும் ஆசையும் உண்டு. 155/65 ஆர்14 அளவுள்ள டயரின் விட்டம் ஏறத்தாழ 557 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக 185/55 ஆர்15 பொருத்தினால் அது 584 மில்லிமீற்றரைத் தாண்டும். வித்தியாசம் ஏறத்தாழ ஐந்து வீதம். முன்னர் சரியாகக் காட்டிய வேகமானி இப்போது 70 காட்டும்போது கார் 73 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் ஓடும். பாரமான பெரிய சக்கரத்தைச் சுழற்றுவதற்குச் சிறு இயந்திரம் மேலும் திணறும். வேகம் வேண்டிச் செய்த மாற்றம் மந்தத்தையே தருவது விந்தையல்லவா?

எமது பிரதேசத்துக்கே உரிய ஆபத்து ஒன்றையும் இங்கு சுட்டிக்காட்ட வேண்டும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் மட்டக்களப்பு மாவட்டம் பெருவெள்ளத்தைக் கண்டது. மாரி காலத்தில் தாழ்நிலங்களின் ஊடாகச் செல்லும் வீதிகள் நீரில் மூழ்குவது இங்கு புதிதன்று. காரைத் தாழ்த்துவோரும், குளிர்ந்த காற்றைப் பெறவென்று காற்று உள்வாங்கும் குழாயைக் கீழே இறக்குவோரும் இதனை மறந்துவிடுகின்றனர். குழாய் வழியே நீர் சிலிண்டருக்குள் புகுந்தால், நீரை அமுக்க முடியாமையால் உள்ளே உள்ள தண்டு வளைந்து இயந்திரமே அழியும். வகன் ஆர் கார்களில் லித்தியம் மின்கலம் முன் பயணியின் ஆசனத்தின் கீழ் இருப்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. எமது வீதிகளுக்கு வேண்டியது தாழ்ந்த கார் அன்று.

ஒட்டோ கியருள்ள சிறிய காரை விசையுள்ளதாக்கவே முடியாது என்று நாம் கூறவில்லை. சுசுகி நிறுவனமே 2015 ஆம் ஆண்டு ஜப்பானில் அல்டோ ரேர்போ ஆர்.எஸ். காரையும், அவ்வாண்டு இறுதியில் அல்டோ வேர்க்ஸ் காரையும் வெளியிட்டது. முன்னது ஏ.ஜி.எஸ். கியருடன் மாத்திரம் வந்தது. பின்னது சாதாரண கியரிலும் ஏ.ஜி.எஸ். கியரிலும் கிடைத்தது. ஜப்பானிய சிறு கார் உற்பத்தியாளர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட 64 குதிரைவலு என்ற எல்லைக்குள்ளேயே இவை அமைந்தன. கவனிக்க வேண்டியது யாதெனில், உற்பத்தியாளர் இயந்திரத்தை மாத்திரம் மாற்றவில்லை. கியர் மாற்றும் முறையையும் அதிர்ச்சி தாங்கிகளையும் அந்த விசைக்கேற்பச் சேர்த்தே அமைத்தார். ஒன்றை மாற்றி மற்றவற்றை விட்டுவைப்பதே கராஜ்களில் நிகழும் பெருந்தவறாகும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கவை எவை? உற்பத்தியாளர் குறித்த சி.வி.ரி. எண்ணெயையே உரிய காலத்தில் மாற்றுதல் வேண்டும். சாதாரண கியர் எண்ணெய் அதற்கு நஞ்சு. பிளக், காற்று வடிகட்டி, திரொட்டில் ஆகியவற்றின் சுத்தமும் சரியான டயர்க் காற்றும் இழந்த இழுவையிற் பெரும்பங்கை மீட்டுத்தரும். முந்திச் செல்லும் வேளையில் 'எஸ்' நிலையையோ, ஏ.ஜி.எஸ். காரில் கையால் மாற்றும் நிலையையோ பயன்படுத்தலாம். பணம் செலவிடுவதாயின் நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் முதலிடம் கொடுப்பதே அறிவுடைமை.

சட்டத்தையும் மறத்தலாகாது. இயந்திரம், நிறம் முதலியவற்றில் செய்யும் மாற்றங்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட வேண்டியவை. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பஸ்கள், முச்சக்கர வண்டிகள் ஆகியவற்றில் பொருத்தப்பட்ட மேலதிக உபகரணங்களுக்கு எதிராகப் பொலிஸார் நடவடிக்கை எடுத்தமை வாசகர்கள் அறிந்ததே. காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காத மாற்றம், விபத்தின் பின்னர் நட்டஈட்டுக்குத் தடையாக முடியலாம்.

இந்நாட்டில் கார்களுக்கான வேக எல்லை ஊர்மனைகளுக்குள் 50 கிலோமீற்றர், வெளியே 70. ஐம்பதிலிருந்து எழுபதுக்கு உயரும்போது காரின் இயக்கச் சக்தி ஏறத்தாழ இரு மடங்காகிறது. நிறுத்துவதற்கான தூரமும் அதற்கேற்ப நீள்கிறது. அந்திப் பொழுதில் மாடுகள் குறுக்கிடும் வீதியில், பாடசாலைப் பிள்ளைகள் சைக்கிளில் செல்லும் வீதியில், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் காரே நல்ல கார். இளைஞர்கள் கராஜுக்குச் செல்லுமுன் இதனை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக.