தலைகீழ்க் கண்ணாடியும் காஞ்சிப் பட்டும்

காஞ்சிப் பட்டை எட்ட நின்று பார்த்தே நமக்குப் பழக்கம். மணமேடையில், கடை வாசலில், கோயில் திருவிழாக் கூட்டத்தில் அது மொத்தமாக மின்னுவதைத்தான் காண்கிறோம். அந்த மினுக்கம் எங்கிருந்து வருகிறது என்று இழையளவுக்கு நெருங்கிப் பார்ப்பதில்லை. பட்டை அவ்வளவு நெருங்கிப் பார்த்தவர்களைத் தேடப் போனால், வியப்பாக, லென்ஸின் வரலாற்றுத் தொடக்கத்துக்கே போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

1665ஆம் ஆண்டு இலண்டனில் ராபர்ட் ஹூக் 'மைக்ரோகிராஃபியா' என்னும் நூலை வெளியிட்டார். உயிரணுவுக்கு 'செல்' என்ற பெயர் கிடைத்த நூல் என்றே அதைப் பாடப்புத்தகங்கள் நமக்கு அறிமுகம் செய்கின்றன. ஆனால் தக்கையின் அறைகளுக்கு வந்து சேருமுன் ஹூக் ஊசி முனையைப் பார்த்தார், கத்தி விளிம்பைப் பார்த்தார், மெல்லிய துணியைப் பார்த்தார், நான்காவதாகப் பட்டுத் துணியைப் பார்த்தார். அவருடைய கருவி ஒரு குழாய்க்குள் லென்ஸ்களை அடுக்கியது. பொருளுக்கு அருகில் குறுகிய குவியத்தூரம் கொண்ட ஒன்று, கண்ணுக்கு அருகில் மற்றொன்று.

அந்தப் பட்டுப் பகுதியில் ஒரு செய்தி இருக்கிறது. இழைகளின் மினுக்கத்தை ஆராய்ந்துகொண்டே வந்த ஹூக், பட்டுப்புழு சுரப்பதைப் போன்ற பசைக்கூழ் ஒன்றைச் செயற்கையாக ஆக்கி, அதை நுண்ணிழையாக இழுக்க ஒரு வழி காணலாமே என்று எழுதிவிட்டார். பட்டை லென்ஸ் வழியே விரிவாக விவரித்த முதல் எழுத்துகளில் ஒன்றிலேயே போலிப் பட்டின் கனவும் பிறந்துவிட்டது. அக்கனவு சரக்காக இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1889இல் பாரிஸ் கண்காட்சியில் ஷார்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் தம் செயற்கைப் பட்டைக் காட்சிக்கு வைத்தார். ரேயானும் பாலியெஸ்டரும் வந்த வழி அதுதான்.

ஹூக்குக்குச் சற்றுப் பின்னால் வந்தவர் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹுக். அவர் துணி வணிகர். நூலின் தரம் பார்க்கும் கண்ணாடி அத்தொழிலில் கைக்கருவி. அவர் லென்ஸ்களை அடுக்கவில்லை. கடுகளவு கண்ணாடியைத் தாமே உருவாக்கி, அந்த ஒற்றை லென்ஸைக் கொண்டே பொருளை 200 மடங்குக்கும் மேல் பெருக்கிக் காட்டினார். நுண்ணுயிர் உலகம் நமக்குத் தெரியவந்ததில் ஒரு துணிக்கடையின் பங்கும் உண்டு என்பதை நெசவூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்!

இனி கேமராவுக்கு வருவோம். சாதாரண 50 மி.மீ. லென்ஸ் தொலைவிலுள்ள பெரிய பொருளைச் சிறிதாக்கிப் படச்சுருளில் விழச்செய்ய அமைந்தது. பொருள் படத்தைவிடச் சிறியதாகிவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. அப்போது லென்ஸையும் தலைகீழாகத் திருப்பி மாட்டுவதே முறை. முன்பக்கத் திருகுமறையில் ஒரு வளையம் போட்டால் போதும். 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் பொருள் ஏறக்குறைய தன் அளவிலேயே படமாகும், 28 மி.மீ. ஆனால் இரு மடங்கு. சிறுவயதில் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து எறும்பைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

அடுக்குவது அடுத்த படி. கேமராவில் 200 மி.மீ. லென்ஸ், அதன் முகத்தோடு முகம் ஒட்டித் திருப்பிய 50 மி.மீ. இரண்டையும் முடிவிலிக்கு வைத்தால், 200ஐ 50ஆல் வகுத்து நான்கு மடங்கு. 36க்கு 24 மி.மீ. படச்சட்டத்தில் அடங்குவது 9க்கு 6 மி.மீ. இடம், ஒரு கொண்டைக்கடலையளவு. இதில் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. திருப்பிய லென்ஸின் பின்னால், எந்தத் தூரத்தில் படச்சுருள் இருந்ததோ, சரியாக அந்தத் தூரத்தில்தான் இப்போது பொருள் இருக்க வேண்டும். நிக்கான் லென்ஸ் என்றால் அது 46.5 மி.மீ. படச்சுருளின் இடத்தில் பட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒளி வந்த வழியே திரும்பிப் போகிறது.

இது வசதியற்றவர்களின் கலையாகவே நம் நாட்டில் பரவியது. 1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் நல்ல லென்ஸை எட்டாக்கனியாக்கியிருந்தன. இருப்பதைக் கோத்துப் பயன்படுத்துவது அக்காலத்து இயல்பு. அ. மாதவையாவின் புதல்வரும் இயற்கை எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் (1912-1996) பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்து அமைத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அவர் படமெடுத்தது யானைகளை என்பது வேறு விஷயம்.

பிள்ளையார்பாளையத்துத் தெருவொன்றில், நண்பர் வீட்டுத் திண்ணையில் வைத்து நாமும் இதைச் செய்து பார்த்தோம். பொருள், ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு முகூர்த்தப் புடவை. குவியம் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னமே. அடுத்த வீட்டுக் குழித்தறியில் பலகை அடிக்குந்தோறும் படம் கலங்கியது. நெசவாளர் சாப்பிட எழுந்தபிறகுதான் வேலை நடந்தது.

முதலில் சரிகை. தங்க நூல் என்று நாம் சொல்வது நூலே அன்று. சிவப்புப் பட்டிழை ஒன்றின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, அதற்குமேல் தங்கமுலாம். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் அந்தச் சிவப்பு, நகத்தால் சுரண்டாமலே தெரிந்தது. முலாம் தேய்ந்த இடங்களில் வெள்ளி கறுத்திருந்தது. போலிச் சரிகையில் உலோகப் பூச்சிட்ட பிளாஸ்டிக் நாடா வழவழப்பாக ஒரே சீராக ஓடும். எனினும் லென்ஸை மிகையாக நம்பிவிடக் கூடாது. உள்ளிழைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய போலிகளும் உண்டு. உலோகத்தின் அளவைச் சொல்ல எக்ஸ் கதிர்க் கருவிதான் வேண்டும்.

பிறகு கோர்வை. உடலும் கரையும் சந்திக்கும் கோட்டில், அரக்கு ஊடையும் பச்சை ஊடையும் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றித் திரும்பிப் போயின. எட்ட நின்றால் நேர்கோடு. நான்கு மடங்கில் அது ரம்பப் பல். கோர்வையற்ற புடவையில் ஒரே ஊடை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடுவதால், கரையின் நிறத்துக்குள் உடலின் நிறம் கலந்து நிற்கும். கண்ணுக்குத் தப்பும் இக்கலப்பு லென்ஸுக்குத் தப்புவதில்லை. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. கோர்வை நெய்யும் தறிகளோ அதற்குப் பிறகும் குறைந்தே வருகின்றன. மெதுவான வேலை, கூலியும் அதற்கேற்ப உயர்வதில்லை.

கோர்வைக்கு மூன்று நாடாக்கள், இரண்டு ஆட்கள். பக்கத்தில் அமர்ந்து ஒரு கரையின் நாடாவை ஓட்டிய அந்த இரண்டாமவர் பல வீடுகளில் பல காலம் ஒரு சிறுவனோ சிறுமியோதான். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளில் கடனுக்கு ஈடாக வேலை செய்த பிள்ளைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. நாம் படமெடுத்த புடவை அதற்கும் முப்பது ஆண்டுகள் முந்தியது. ஒரு கரையில் கொக்கிகள் இறுக்கமாகவும் ஒரே அளவாகவும் இருந்தன. மறு கரையில், விரல்நீள இடத்துக்குள், மூன்று கொக்கிகள் தளர்ந்திருந்தன. நண்பரின் அம்மாவிடம் திரையில் காட்டினோம். சற்று நேரம் பார்த்துவிட்டு, "பையனுக்குத் தூக்கம் வந்திருக்கும்" என்றார்.