15 லட்சம் ஆண்டுக்கு முன் சென்னை பக்கத்துல வாழ்ந்தது யார்? அத்திரம்பாக்கம் கற்கள் சொல்வது என்ன?

"15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே தமிழன் இருந்தான், ஆதாரம் திருவள்ளூர்ல கிடைச்சிருக்கு" என்ற மாதிரி ஒரு ஃபார்வர்டு உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கலாம். இதில் ஆண்டுக் கணக்கு சரி. இடமும் சரி. 'தமிழன்' என்ற சொல்தான் இடிக்கிறது. தமிழன் மட்டுமல்ல, இன்றைய மனித இனமே அப்போது பூமியில் கிடையாது. அப்படியென்றால் அந்தக் கருவிகளைச் செய்தது யார்? விரிவாகப் பார்க்கலாம்.

பல்லாவரத்தில் கிடைத்த முதல் கல்

1863-ம் ஆண்டு மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழி அருகே கிடந்த கல்லை எடுத்துப் பார்த்தார். சும்மா பார்த்தால் சாதாரணக் கல். ஆனால் அதில் சில்லு சில்லாகத் தட்டிச் செதுக்கிய தடயம் இருந்தது. தண்ணீர் உருட்டி இப்படி ஆகாது, யாரோ கையால் செய்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. டார்வின் தன் பரிணாமக் கொள்கையைப் புத்தகமாக வெளியிட்டு அப்போது 4 வருஷம்தான் ஆகியிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட், சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் போனார். சென்னையில் இருந்து சுமார் 60 கி.மீ. தூரம். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் ஊர். அங்கே கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. இந்தியாவின் பழைய கற்கால ஆய்வே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வயதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

1999-ல் தொல்லியல் அறிஞர் சாந்தி பப்புவின் குழு அத்திரம்பாக்கத்தில் புதிதாக அகழாய்வைத் தொடங்கியது. கைக்கோடாரிகள், பெரிய வெட்டுக் கருவிகள், சில்லுகள் என ஆயிரக்கணக்கில் கிடைத்தன. எல்லாம் குவார்ட்சைட் என்ற உறுதியான பாறையில் செய்தவை. எருமை, குதிரை இன விலங்குகளின் பல் புதைபடிவங்களும் கிடைத்தன.

அடுத்த சிக்கல் வயது. எல்லோருக்கும் தெரிந்த கார்பன் டேட்டிங் சுமார் 50,000 ஆண்டுகள் வரைதான் கைகொடுக்கும். அதற்கு மேல் போனால் வேறு வழி வேண்டும். இங்கே 2 வழிகளைப் பயன்படுத்தினார்கள்.

முதலாவது, விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்கள். நிலத்தின் மேல் கிடக்கும் கல் மீது இந்தக் கதிர்கள் படும்போது, கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற 2 அணுக்கள் உருவாகும். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உருவாவது நின்றுவிடும். ஏற்கெனவே இருப்பவை மட்டும் சிதைந்துகொண்டே போகும். இதில் அலுமினியம் வேகமாகக் குறையும், பெரிலியம் மெதுவாகக் குறையும். இரண்டும் இப்போது எந்த விகிதத்தில் மிச்சம் இருக்கு என்று பார்த்தால், கல் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, பூமியின் காந்தப்புலம். சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை, நீண்ட காலம் இது இன்றைக்கு இருப்பதற்குத் தலைகீழாக இருந்தது. திசைகாட்டி அப்போது இருந்திருந்தால் முள் தெற்கைக் காட்டியிருக்கும். படியும் மண் அந்தத் திசையைத் தனக்குள் பதிவு செய்து வைத்துக்கொள்ளும். அத்திரம்பாக்கத்தில் கருவிகள் கிடைத்த மண்ணடுக்கில் இருந்தது அந்தத் தலைகீழ் பதிவுதான்.

இந்த முடிவுகள் 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியாகின. கருவிகளின் வயது எப்படிப் பார்த்தாலும் 10.7 லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது, சராசரியாக 15.1 லட்சம் ஆண்டுகள்.

15 லட்சம்னா எவ்வளவு தூரம்?

கீழடியின் காலம் சுமார் 2,600 ஆண்டுகள் என்கிறது தமிழகத் தொல்லியல் துறை. அந்த 2,600 ஆண்டுகளை 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இன்றில் நின்றுகொண்டு பின்னோக்கி நடந்தால்:

கீழடி: 1 மீட்டர்
நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றியது (சுமார் 3 லட்சம் ஆண்டு): 115 மீட்டர்
அத்திரம்பாக்கத்தின் பழைய கருவிகள்: சுமார் 580 மீட்டர்
எத்தியோப்பியாவில் 1974-ல் கிடைத்த 'லூசி' எலும்புக்கூடு (32 லட்சம் ஆண்டு): 1.2 கி.மீ.
டைனோசர்கள் அழிந்தது (6.6 கோடி ஆண்டு): 25 கி.மீ.
உயிர்கள் இருந்ததற்கான பழைய தடயங்கள் (சுமார் 350 கோடி ஆண்டு): 1,350 கி.மீ.
பூமி உருவானது (454 கோடி ஆண்டு): சுமார் 1,750 கி.மீ. கிட்டத்தட்ட சென்னையில் இருந்து டெல்லி வரை விமானத்தில் போகும் தூரம்

115 எங்கே, 580 எங்கே? அத்திரம்பாக்கத்தில் அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நம் இனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

சரி, அப்போ யார்தான் செஞ்சாங்க?

அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் பெயர் சொல்லி அடித்துப் பேச முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழ்ந்தது ஹோமோ எரெக்டஸ் என்ற மூத்த மனித இனம். நிமிர்ந்து நடந்தவர்கள். ஜார்ஜியா நாட்டின் திமானிசியில் சுமார் 18 லட்சம் ஆண்டுகள் பழமையான மனித எலும்புகள் கிடைத்திருப்பதால், அதற்குள்ளாகவே ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறிவிட்டார்கள் என்பது தெரியும். அத்திரம்பாக்கம் பாணி கைக்கோடாரிகளில் மிகப் பழையவற்றில் சில, சுமார் 17.6 லட்சம் ஆண்டுகள், கென்யாவில் கிடைத்துள்ளன. ஆகவே இந்த இனத்தையோ அதன் நெருங்கிய உறவையோதான் ஆய்வாளர்கள் கைகாட்டுகிறார்கள்.

குரங்கில் இருந்து மனிதன் வந்தான்னா, குரங்கு ஏன் இன்னும் இருக்கு?

இந்தப் பேச்சு வந்தாலே கூடவே வரும் கேள்வி இது. இன்றைக்கு மரத்தில் இருக்கும் குரங்கில் இருந்து மனிதன் வரவில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பொது மூதாதை இருந்தது. அதில் இருந்து 2 கிளைகள் பிரிந்தன. பெரியப்பா பிள்ளைகள் இருப்பதால் நாம் இல்லாமல் போய்விடுவோமா? அதே மாதிரிதான் இதுவும். நம் கிளைக்குள்ளேயே நியாண்டர்தால், டெனிசோவன் என்று இன்னும் பல மனித இனங்கள் இருந்தன. அவர்கள் மறைந்துவிட்டார்கள், நாம் மட்டும் மிஞ்சியிருக்கிறோம்.

2018-ல் வந்த இன்னொரு திருப்பம்

அத்திரம்பாக்கத்தின் மேல் அடுக்குகளில் வேறு வகைக் கருவிகள் கிடைத்தன. பெரிய கைக்கோடாரிகள் குறைந்து, சிறிய, கூர்மையான சில்லுகள் வருகின்றன. இந்தச் சில்லை எடுக்க, முதலில் கல்லை ஒரு வடிவத்துக்குத் தயார் செய்துவிட்டு, பிறகு ஒரே அடியில் பெயர்க்க வேண்டும். அதாவது, அடிக்கும் முன்பே என்ன வரும் என்று மனசுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தொழில்நுட்பம் ஆப்பிரிக்காவில் இருந்து நவீன மனிதர்கள் வந்தபோதுதான், சுமார் 1.25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியாவுக்கு வந்தது என்ற கருத்து இருந்தது. ஆனால் அத்திரம்பாக்கத்தில் இதன் தொடக்கம் சுமார் 3.85 லட்சம் ஆண்டுகள் என 2018-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. பழைய கருத்து ஆட்டம் கண்டது. இந்தக் கருவிகளை உருவாக்கியது எந்த மனித இனம் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

அவங்க நம்ம முன்னோர்களா?

இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் வம்சாவளியில் பெரும்பகுதி, சுமார் 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் இருந்து வெளியேறிய ஹோமோ சேப்பியன்ஸ் கூட்டத்துக்குப் போகிறது என்பதை டி.என்.ஏ. ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழர், பஞ்சாபியர், சீனர், ஐரோப்பியர் யாரும் விலக்கு இல்லை. வழியில் நியாண்டர்தால்களோடு கலப்பும் நடந்தது. அதன் மிச்சமாக நம் டி.என்.ஏ.வில் 1 முதல் 2 சதவீதம் அவர்களுடையது. இதை நிரூபித்த ஸ்வாந்தே பாபோவுக்கு 2022-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, அத்திரம்பாக்கத்தின் முதல் மக்கள் நமக்கு நேரடித் தாத்தா, பாட்டி இல்லை. நமக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் குடியிருந்த தூரத்து உறவு என்று சொல்லலாம்.

இதைச் சொல்வதால் தமிழ்நாட்டின் பெருமை குறையுமா? குறையாது. இந்தியாவில் வயது உறுதி செய்யப்பட்ட மிகப் பழைய மனிதத் தடயங்களில் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. தவறான ஃபார்வர்டால் வரும் ஆபத்து வேறு. 'தமிழன்' என்ற பகுதி பொய் என்று ஒருவருக்குத் தெரியவந்தால், '15 லட்சம்' என்ற உண்மையையும் சேர்த்தே அவர் சிரித்து ஒதுக்கிவிடுவார். 160 வருஷ உழைப்பு அதோடு போய்விடும்.

இந்தக் கால மனிதர்களின் கற்கருவிகளை நேரில் பார்க்கணும்னா ரொம்ப தூரம் போக வேண்டாம். ஃபூட்டின் சேகரிப்பு சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருவள்ளூர் பக்கம் போனால், பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகமும் இருக்கிறது.