ஜாங்கோவுக்குப் பின் பிறந்தது

ஜிப்ஸி ஜாஸ் பிறந்தது எங்கே என்றால் தயங்காமல் பாரிஸ் என்பார்கள். வருடம் 1934. ஷான்செலிசே வீதியில் கிளாரிட்ஜ் ஹோட்டல். நடனத்துக்கு வாசிக்க வந்த குழுவினர் சிலர், இடைவேளையில் திரைக்குப் பின்னால் தங்கள் இஷ்டத்துக்கு வாசித்துப் பார்க்கிறார்கள். கிட்டார் ஜாங்கோ ரைன்ஹார்ட், வயலின் ஸ்டெஃபான் கிராப்பெல்லி, பாஸ் லூயி வோலா, தாளத்துக்கு இன்னொரு கிட்டார். கிராப்பெல்லி வாசிக்கும்போது பின்னால் இரண்டு கிட்டார் இருக்கிறது, என் முறை வந்தால் ஒன்றுதானே என்று ஜாங்கோ குறைப்பட்டுக்கொண்டாராம். தம்பி ஜோசப்பும் சேர்ந்தார். ஐந்து பேர், அத்தனையும் தந்தி வாத்தியம், டிரம்ஸ் கிடையாது. அந்த டிசம்பரிலேயே இசைத்தட்டுக்கு வாசித்துப் பதிவு செய்துவிட்டார்கள்.

அழகான கதை. ஆனால் அங்கே பிறந்தது ஒரு மனிதரின் இசைதான். ஐவரில் மானூஷ் என்ற ஜிப்ஸி சமூகத்தவர்கள் அண்ணனும் தம்பியும் மட்டும். வாசித்த மெட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. தங்கள் இசையை அவர்கள் ஹாட் ஜாஸ் என்றுதான் சொன்னார்கள்; அது ஒரு சமூகத்தின் பரம்பரைச் சொத்து என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. பரம்பரையானது பிறகுதான். அது நடந்த இடமும் பாரிஸ் அல்ல என்பேன்.

ஜாங்கோ 1910-ல் பெல்ஜியத்தில் ஒரு வண்டி வீட்டில் பிறந்தவர். பதினெட்டு வயதில், பாரிஸுக்கு வெளியே நின்ற அவருடைய வண்டி தீப்பிடித்தது. மனைவி விற்பனைக்குச் செய்து குவித்திருந்த செயற்கைப் பூக்கள் நொடியில் பற்றிக்கொண்டன. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிப்போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களால் தனி வாசிப்பை முதலிலிருந்து கட்டியெழுப்பினார். நான்கு விரல்காரர்கள் கை நகராமல் குறுக்கே தொடும் ஸ்வரங்களை, அவர் தந்தியின் நீளத்துக்கு ஓடிப் பிடித்தார். அந்த ஓட்டம்தான் பாணியாயிற்று. இன்று ஐந்து விரலும் நன்றாக இருக்கும் இளைஞர்கள் அவரைப் போலவே இரண்டு விரலில் வாசித்துப் பழகுகிறார்கள்!

டிரம்ஸ் இல்லாத குறையைத் தீர்த்தது தாள கிட்டார். ‘லா பொம்ப்’ என்பார்கள். நான்கு தட்டில் ஒன்றும் மூன்றும் அடித்தந்திகளில் முழங்கும். இரண்டும் நான்கும் வெட்டி நிறுத்தியதுபோல் சட்டென்று அடங்கும். இடது கையின் பிடி தளர்வதில்தான் அந்த வெட்டு இருக்கிறது. இதற்கேற்ற கிட்டாரும் நேரத்துக்கு அமைந்தது. செல்மர் நிறுவனத்துக்காக மாரியோ மக்காஃபெர்ரி என்ற இத்தாலியர் வடிவமைத்தது. மைக் இல்லாமலே கூடத்தைத் தாண்டிக் கேட்கும். 1932 முதல் 1952 வரை ஆயிரத்துக்கும் குறைவாகவே செய்தார்கள்.

பிறகு போர். பிரான்ஸில் 1912-லிருந்தே, மானூஷ் போன்ற நாடோடிகள் உடல் அளவுகள் குறித்த அடையாளப் புத்தகத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். போர்க்காலத்தில் அவர்களை முகாம்களில் அடைத்தார்கள். கடைசி முகாமின் கதவு திறந்தது 1946-ல், போர் முடிந்து ஓராண்டு கழித்து. ரைன் நதிக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில், மானூஷ்களின் உறவினர்களான சிந்தி குடும்பங்களைச் சாவுக்கு அனுப்பினார்கள். ஜாங்கோ பிழைத்தார். 1953-ல் இறந்தபோது அவர் மின்சார கிட்டாரில் பீபாப் வாசித்துக்கொண்டிருந்தார். பழைய ஐவர் குழுப் பாணியிலிருந்து வெகுதூரம் போயிருந்தார். மகன் பாபிக் என்பவரும் கிட்டார்க்காரரே, ஆனால் அப்பாவின் வழியில் போகவில்லை.

அப்படியானால் யார் எடுத்து வளர்த்தது? அல்சாஸ் பக்கம் பார்க்க வேண்டும். பிரான்ஸின் கிழக்கு எல்லை. நதிக்கு இக்கரையில் மானூஷ், அக்கரையில் சிந்தி, இரு கரையிலும் கொள்வினை கொடுப்பினை. அக்கரையில், ஜெர்மனியில், 1967-ல் வயலின் கலைஞர் ஷ்னுக்கெனாக் ரைன்ஹார்ட் ஒரு குழு அமைத்தார். குடும்பத்தோடு போலந்துக்கு நாடு கடத்தப்பட்டு உயிர் தப்பியவர். ஹங்கேரிய சார்தாஷ், வால்ஸ், ஜாங்கோவின் ஸ்விங் மூன்றையும் ஒரே மேடையில் வைத்து, இது ஜெர்மன் ஜிப்ஸிகளின் இசை என்றே இசைத்தட்டு போட்டார். ஒளிந்து வாழ்ந்த சமூகம் தன் பெயரை அட்டையில் அச்சடித்துக்கொண்டது. என் கணக்கில் பிறந்த தேதி அதுதான்.

இக்கரையில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்து நொய்ஹோஃப் பகுதியில் குடியமர்ந்த மானூஷ் குடும்பங்களிலும் அதே விதை முளைத்தது. 1970களின் கடைசியில் அங்கே நாடோடி மக்களுக்காக உழைத்தவர்கள் கிட்டார் வகுப்பையும் கச்சேரியையும் சமூக வேலையாகவே நடத்தினார்கள். மாண்டினோ ரைன்ஹார்ட், சாவோலோ ஷ்மித் போன்றவர்கள் பெயர் பெற்றது இந்த மண்ணில். டோனி கத்லிஃப் 2002-ல் ‘ஸ்விங்’ படத்தை இவர்களை நடிக்க வைத்தே எடுத்தார். ஒரு பையன் கிட்டார் கற்றுக்கொள்ளும் கதை.

மானூஷ் வீடுகளின் பாடமுறையில் தாளோ குறியீடோ கிடையாது. பையன் வருடக்கணக்கில் பொம்ப் மட்டும் அடிப்பான். நாகஸ்வரக் குழுவில் சிறுவன் முதலில் ஒத்து ஊதுவதுபோல. பெரியவர்களின் கையைப் பார்த்தபடியே இருந்தால், என்றைக்காவது ஒருநாள் நடுவில் புகுந்து நாலு வரி வாசிக்க இடம் கிடைக்கும். மற்றதெல்லாம் இசைத்தட்டிலிருந்து. இறந்தவரின் உடைமைகளை எரித்துவிடுவதும், அவர் பெயரை உச்சரிக்கத் தயங்குவதும் மானூஷ் வழக்கம். அந்த வீடுகளில் ஓர் இறந்த மனிதரின் ஒவ்வொரு ஸ்வரமும் தேய்ந்த தட்டிலிருந்து மனப்பாடமாயிற்று என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அல்சாஸின் சூஃப்லென்ஹைம் ஊரில் பிறந்த பிரேலி லாக்ரேனுக்கு முதல் தட்டு வந்த 1980-ல் வயது பதின்மூன்று. ஜாங்கோ மறுபடி பிறந்துவிட்டார் என்று கொண்டாடினார்கள். பையனுக்கு அது சுமை. பாஸ் கிட்டார் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸோடு மின்சார இசை பக்கம் போய்விட்டு, 2001-ல்தான் ‘ஜிப்ஸி ப்ராஜெக்ட்’ தட்டோடு திரும்பினார். அப்படிப் போய் வர எல்லாருக்கும் வசதி இருக்காது. கல்யாணம், உணவகம், சிறு அரங்கம் என்று வாசித்துச் சம்பாதிக்கும் உள்ளூர்க் கலைஞர் புதிதாக ஏதாவது இசையமைத்திருக்கலாம். கூட்டம் கேட்பது என்னவோ 1937-ல் பதிவான ‘மைனர் ஸ்விங்’. அதையும் வாசிக்கிறார்கள், ஜாங்கோவைவிடக் கொஞ்சம் வேகமாக.