குணமாகாத கதைகள்

பிரெஞ்சு பயின்ற புதுவையினர் பலர் அறிந்த நாவல், எக்தோர் மலோ 1878-இல் எழுதிய ‘சான் ஃபாமிய்’. அதில் பலகையில் கிடத்தப்பட்டிருந்த ஆர்தர் இறுதியில் திடமான இளைஞனாகிறான். பேச்சிழந்த லீஸ் பேசுகிறாள். குணமடைதலே மகிழ்ச்சியான முடிவு என்பது அக்காலக் கதைமரபு.

122 ஆண்டுகளுக்குப் பின், டெரி ட்ரூமன் எழுதிய ‘ஸ்டக் இன் நியூட்ரல்’ (2000) என்னும் அமெரிக்க இளையோர் நாவலில் குணம் கிட்டுவதில்லை. உடலைத் தானாக அசைக்கவோ பேசவோ இயலாத 14 வயது ஷான், தன் கதையைத் தானே சொல்கிறான். மகன் வேதனையுறுவதாக எண்ணும் தந்தை இரக்கத்தால் தன்னைக் கொன்றுவிடுவாரோ என்று அஞ்சுகிறான். அவனோ வாழ்வை நேசிக்கிறான்.

தமிழில் ராம் இயக்கிய ‘பேரன்பு’ (2019) திரைப்படத்திலும் தந்தை, மூளை முடக்குவாதமுள்ள பருவ வயது மகளுடன் கடலில் இறங்குகிறார். மீட்கப்பட்டபின் அவளோடு வாழ்கிறார்.

இரக்கம் பிறருக்காகத் தீர்ப்பெழுதலாகாது. பேசவியலாப் பிள்ளையைப் பற்றிப் பேசும் நாம், அப்பிள்ளையோடு பேசுகிறோமா?