முஹம்மத் அலியின் பதக்கம்: இரண்டு நூல்கள்

முஹம்மத் அலியின் பெயரை அறியாதவர் நம்மிடையே அரிது. அவரைப் பற்றிய நூல்களை வாசித்தவர்கள்தான் குறைவு. இரண்டை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, 1975இல் வெளிவந்த அவரது சுயசரிதை ‘தி கிரேட்டஸ்ட்’. றிச்சர்ட் டர்ஹாமுடன் சேர்ந்து எழுதியது. பதிப்பாசிரியர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டோனி மொறிசன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று ஊர் திரும்பியவருக்கு, கறுப்பர் என்பதால் உணவகத்தில் சாப்பாடு மறுக்கப்பட்டது. மனம் நொந்து பதக்கத்தை ஒஹாயோ ஆற்றில் வீசினார் என்கிறது இந்நூல்.

இரண்டாவது, தோமஸ் ஹவுசர் 1991இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு. அலியையும் அவரோடு பழகியவர்களையும் பேசவைத்துத் தொகுத்தது. இதன்படி பதக்கம் வீசப்படவில்லை, தொலைந்துபோனது.

அப்படியானால் முதல் நூலை ஒதுக்கிவிடலாமா? கூடாது. அன்றைய லூயிவில் நகரில் கறுப்பருக்கு உணவகங்கள் மூடிக்கிடந்தது உண்மை. 1967இல் வியட்நாம் போருக்கான இராணுவ சேவையை மறுத்து அவர் பட்டத்தை இழந்ததும், 1971இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்ததும் உண்மை.

வரலாறு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு நூல்களையும் சேர்த்தே கொடுப்போம். நாம் நேசிப்பவரின் கதையையும் விசாரித்து அறிய அவர்கள் பழகட்டும். பதக்கக் கதை இல்லாமலும் அலி பெரியவர்தான்.